முன்வரிசையில் ஒரு கறுப்புக் கல்

ஒரு காட்டில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. காடு என்றதும் சிங்கம் வரும், நரி வரும் என்று நிமிர்ந்து உட்காராதீர்கள், பிள்ளைகளே. இந்தக் கதையில் கர்ஜிக்கிறவர் யாரும் இல்லை. எல்லாரும் தண்ணீருக்குள் இருக்கிறவர்கள்.

மேகம் இறங்கி வந்து மரக்கிளையில் உட்காரும் உயரத்தில் இருந்தது அந்தக் காடு. மலையைச் சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்காக வனத்துறை அங்கே ஒரு ஓட்டுக் கட்டிடம் கட்டி, அதற்குள் இந்தத் தொட்டியை வைத்திருந்தது. ஓர் ஆள் உயரத் தொட்டி. அதில் ஓடைத் தண்ணீரை அப்படியே நிரப்பியிருந்தார்கள். கையை விட்டால் விரல் மரத்துப்போகும். அடியில் பட்டாணி அளவு வெள்ளைக் கூழாங்கற்கள் பரப்பியிருந்தன. நடுவில் ஒரு பெரிய பாறை. பாறைக்கு முன்னால் இருப்பது எல்லார் கண்ணுக்கும் தெரியும். பின்னால் இருப்பது ஒருவர் கண்ணுக்கும் தெரியாது, ஏனென்றால் தொட்டியின் மற்ற மூன்று பக்கமும் சுவரோடு ஒட்டியிருந்தது. மேலே பின்பாதியை ஒரு பலகை மூடியிருந்தது.

தொட்டியைப் பார்த்துக்கொண்டவர் வனக்காவலர் சூசை. தினமும் காலை பத்து மணிக்கு வருவார். முக்காலியில் ஏறி இரண்டு சிட்டிகை இரையைத் தூவுவார். இறங்கி, நாலடி தள்ளி நின்று தொட்டியைப் பார்ப்பார். கற்கள் வெள்ளையாக இருந்தால் திருப்தியாகப் போய்விடுவார். நல்ல மனிதர்தான். ஆனால் அவருடைய கை தொட்டியின் அடிவரை எட்டாது. அடியைச் சுத்தம் செய்வதற்கென்று வாங்கிய நீளமான ரப்பர் குழாய் ஒன்று சுவரில் ஆணியில் சுருட்டியபடி தொங்கியது. கல்தான் வெள்ளையாக இருக்கிறதே, குழாய் எதற்கு என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கல் எப்படி வெள்ளையாக இருந்தது என்பதில்தான் கதையே இருக்கிறது.

தொட்டிக்குள் ஒரு தங்கமீன் இருந்தது. செக்கச்செவேலென்ற உடம்பு, பட்டுத்துணி மாதிரி விரியும் வால். அதற்குத் தன் அழகைத் தவிர வேறு எதிலும் அக்கறை கிடையாது. பார்க்க வருகிறவர்கள் தன்னைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று நம்பியது. அதில் ஓரளவு உண்மையும் உண்டு என்பதுதான் எரிச்சல்.

தங்கமீன் ஒரு சட்டம் போட்டிருந்தது. கண்ணாடியை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்கு இருக்கும் கற்களுக்கு முன்வரிசை என்று பெயர். முன்வரிசை எப்போதும் பளிச்சென்று இருக்க வேண்டும். அதனால் தினமும் பத்து மணிக்கு முன்னால், தொட்டியில் இருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து முன்வரிசையில் விழுந்து கிடக்கும் எச்சத்தையும், ஊறிப்போன இரையையும், இலைத் துணுக்குகளையும் வாலால் விசிறிப் பாறைக்குப் பின்னால் தள்ள வேண்டும். இதற்குத் தங்கமீன் சுத்தம் என்று பெயர் வைத்தது.

தங்கமீன் சொன்னதற்கெல்லாம் ஒரு நத்தை தலையாட்டும். "ஆமாம் தலைவரே" என்பதைத் தவிர அது வேறு பேசி யாரும் கேட்டதில்லை. ஒரு கெண்டையும் இருந்தது. அது பயந்தாங்கொள்ளி. சூசையின் நிழல் விழுந்தாலும் பயப்படும், நிழல் விழாவிட்டால் அவர் ஏன் வரவில்லை என்று பயப்படும். தள்ளச் சொன்னால் முதல் ஆளாகத் தள்ளிவிடும்.

நான்காவது ஒரு அயிரை. சுட்டுவிரல் நீளம்தான். மண் நிறம், வாயைச் சுற்றி மீசை. பின்னால் ஓடுகிற ஓடையிலிருந்து தண்ணீரோடு தெரியாத்தனமாக வந்து சேர்ந்தது. அதை யாரும் பார்க்க வந்ததில்லை. அயிரைக்கு ஒரே ஒரு குணம்தான்: பிடிவாதம்.

வந்த நாளிலிருந்து அயிரை கற்களுக்கு இடையில் மூக்கை நுழைத்துத் துழாவிக்கொண்டே இருக்கும். விழுந்து கிடப்பதில் தின்னக்கூடியதைத் தின்னும், கற்களைப் புரட்டிப் போடும், இடுக்குகளில் தண்ணீர் ஓடும்படி செய்யும். அப்படித் துழாவும்போது கொஞ்சம் புழுதி கிளம்பத்தான் செய்யும். அது தங்கமீனுக்குப் பிடிக்கவில்லை. புழுதியில் தன் வாலின் நிறம் மங்கலாகத் தெரிகிறது என்று குறைப்பட்டது. அயிரை எட்டுக் குஞ்சுகள் பொரித்ததும் புழுதி எட்டு மடங்கானது. உடனே தங்கமீன் அடுத்த சட்டத்தைப் போட்டது. அயிரையும் அதன் குஞ்சுகளும் பாறைக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும், காலையில் தள்ளுவதற்கு மட்டும் அயிரை முன்னால் வரலாம் என்றது.

ஆக, அழுக்கும் பின்னால் போனது, அழுக்கைத் தின்று தீர்க்கிறவர்களும் பின்னால் போனார்கள்.

அயிரை சண்டைக்குப் போகவில்லை. பின்னால் இருக்கும் கற்களையும் யாராவது பார்த்துக்கொள்ளத்தானே வேண்டும் என்று வேலையைத் தொடர்ந்தது. ஆனால் நாலு பேர் தள்ளுவதை ஒரு வாய் தின்று தீர்க்க முடியுமா? அதிலும் தங்கமீனுக்கு ஒரு வழக்கம் இருந்தது. விழுகிற இரையை எல்லாம் ஓடி ஓடிக் கவ்வும், இரண்டு தடவை மெல்லும், பாதியைத் துப்பிவிடும். சூசைக்கோ அது ஆசையாகத் தின்பதுபோலத்தான் தெரியும். துப்பியது கீழே போகும், காலையில் பாறைக்குப் பின்னால் போகும்.

குளிர்காலம் முழுக்க இது நடந்தது. குளிர்ந்த தண்ணீரில் ஒரு வசதி உண்டு, பிள்ளைகளே. அதில் அழுக்கு சீக்கிரம் அழுகாது. கல்லுக்கு அடியில் சத்தமில்லாமல் கிடக்கும். அதனால் யாருக்கும் அவசரம் தோன்றவில்லை.

சித்திரை வந்தது. மலையிலும் வெயில் ஏறியது. ஓட்டின் வழியாகச் சூடு இறங்கியது. தண்ணீரின் குளிர் கொஞ்சம், கொஞ்சமேதான், குறைந்தது. பாறைக்குப் பின்னால் ஒரு விரல் ஆழத்துக்குக் கிடந்த அழுக்கு அத்தனையும் ஒன்றாக அழுகத் தொடங்கியது. வெள்ளைக் கற்கள் அடியிலிருந்து கறுத்துக்கொண்டு வந்தன. அவற்றுக்கு இடையிலிருந்து குமிழிகள் கிளம்பின. நாற்றமடிக்கும் குமிழிகள்.

அவை பாறைக்கு மேலே எழும்பி மினுங்கியதைத் தங்கமீன் பார்த்தது.

"முத்துகள்," என்றது. "நம் தொட்டியில் முத்து விளைகிறது."

"ஆமாம் தலைவரே," என்றது நத்தை.

அன்றைக்கே அயிரையின் கடைக்குட்டி, கற்களுக்கு நடுவில் அந்தக் குமிழி கிளம்பிய இடத்தில் படுத்தபடி செத்துப்போனது. அயிரை அதை மூக்கால் மூன்று தடவை தொட்டுப் பார்த்தது. பிறகு மற்ற ஏழையும் பாறையின் மேலே ஏறி ஒட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு, முன்வரிசைக்கு வந்தது. பத்து மணி ஆகவில்லை. எல்லாரும் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

பின்னால் கற்கள் கறுத்துவிட்டன, குமிழியில் விஷம் இருக்கிறது, என் குஞ்சு செத்துவிட்டது, இனிமேல் அங்கே தள்ளாதீர்கள் என்று அயிரை சொன்னது. வேறெங்கே தள்ளுவது என்று தங்கமீன் கேட்டது. எங்கேயும் தள்ள வேண்டாம், விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும், சூசை பார்க்கட்டும், பார்த்தால்தான் அந்தக் குழாயை எடுப்பார் என்றது அயிரை.

கெண்டை நடுங்கிவிட்டது. தங்கமீன் அந்த நடுக்கத்தைக் கவனித்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு கதை சொன்னது. முன்பு தான் வளர்ப்பு மீன் கடையில் இருந்தபோது பக்கத்துத் தொட்டியில் கல் அழுக்காகிவிட்டதாம். ஆள் வந்து பார்த்தானாம். ஒரு வாளியைக் கொண்டுவந்து, கல், தண்ணீர், மீன் எல்லாவற்றையும் அதில் கவிழ்த்து வெளியே கொட்டிவிட்டானாம். அழுக்கை வெளியே காட்டுகிறவன் எல்லாரையும் வாளிக்குள் தள்ளுகிறான் என்று முடித்தது.

"ஆமாம் தலைவரே," என்றது நத்தை.

"வாளியை நான் பார்த்ததில்லை," என்றது அயிரை. "என் குஞ்சு செத்ததைப் பார்த்தேன். தண்ணீருக்குள்ளேயே தள்ளினால் அழுக்கு தண்ணீருக்குள்ளேதான் இருக்கும். நான் இனிமேல் தள்ள மாட்டேன்."

"தள்ளாவிட்டால்?"

"தள்ள மாட்டேன் என்றுதானே சொன்னேன். அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை."

இந்தப் பதில் தங்கமீனுக்குப் புதிது. அதன் வால் இரண்டு தடவை விரிந்து சுருங்கியது. அப்புறம், போனால் போகிறது, ஒரு சுட்டுவிரல் அயிரை தள்ளாவிட்டால் தொட்டி கவிழ்ந்துவிடாது என்று சொல்லித் திரும்பிக்கொண்டது.

மறுநாள் காலையில் எல்லாரும் தள்ளி முடித்த நேரம். சூசையின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டது. அப்போது அயிரை பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு கறுப்புக் கல்லை மூக்கால் உருட்டிக்கொண்டு வந்து, பளிச்சென்ற முன்வரிசையின் நடுவில் வைத்தது. வைத்துவிட்டுப் போய்விட்டது.

தங்கமீனுக்கு மூச்சே நின்றுவிட்டது. நத்தையைக் கூப்பிட்டு அந்தக் கல்லின் மேல் உட்காரச் சொன்னது. நத்தை ஊர்ந்து வந்து ஏறி உட்கார்ந்தது. சூசை வந்தார், தூவினார், பார்த்தார், போனார்.

அடுத்த நாள் அயிரை இரண்டு கல் கொண்டுவந்தது. ஒன்றின் மேல்தானே நத்தை உட்கார முடியும்? மற்றதைக் கெண்டை அவசர அவசரமாகப் பின்னால் தள்ளியது. அதற்கடுத்த நாள் மூன்று கல். தள்ள நேரமில்லை. தங்கமீனே கீழே இறங்கி வந்து வாலை முழுக்க விரித்து, கற்கள் தெரியாதபடி இப்படியும் அப்படியும் வளைந்து நின்றது.

சூசை நாலடி தள்ளி நின்று அதைப் பார்த்துச் சிரித்தார். "என்னா ஆட்டம்டா இது. இன்னிக்கு ரொம்ப சந்தோஷமா இருக்க போலிருக்கே." முக்காலியில் மறுபடி ஏறி, இன்னொரு சிட்டிகை இரையைத் தூவினார்.

அழுக்கை மறைத்ததற்குப் பரிசு, இன்னும் கொஞ்சம் அழுக்கு. தங்கமீன் அதையும் மென்று பாதியைத் துப்பியது. அன்றிலிருந்து தினமும் மூன்று சிட்டிகை. எனக்கு இதைச் சொல்லும்போதே கோபம் வருகிறது.

அந்த வாரம் இன்னொரு குஞ்சு செத்தது. அடுத்த வாரம் மூன்றாவது. மிச்சம் ஐந்து. அவை பாறையின் உச்சியில் ஒட்டிக்கொண்டு, பசியோடு கீழே பார்த்தபடி இருந்தன. கீழே இறங்கினால்தான் இரை, ஆனால் கீழே குமிழி. அயிரைக்கு அழுகை வந்தது. தண்ணீருக்குள் அழுதால் யாருக்குத் தெரியும்? அழுதுகொண்டே கல்லை உருட்டியது.

கெண்டைக்கும் ஏதோ சரியில்லை. காலையில் எழுந்ததும் மேலே போய் வாயைத் திறந்து திறந்து மூடத் தொடங்கியிருந்தது. கேட்டால் ஒன்றுமில்லை, சும்மா காற்று வாங்குகிறேன் என்றது. தங்கமீனின் வால் நுனியும் லேசாகப் பழுத்திருந்தது. அதைத் தங்கமீன் புது நிறம் என்று சொல்லிக்கொண்டது.

ஒருநாள் தங்கமீன் தானே பாறைவரை வந்தது. அதற்கு முன் அது அவ்வளவு தூரம் வந்ததே இல்லை. அயிரையைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல், "அம்மா" என்று கூப்பிட்டது. குழந்தைகள் மெலிந்துவிட்டார்களே என்று வருத்தப்பட்டது. முன்வரிசையின் இடது மூலையில் ஒரு சங்கு கிடக்கிறது, அதற்குள் ஐந்து பேரும் தாராளமாக இருக்கலாம், இரையும் அங்கேதான் முதலில் விழும் என்றது. கல் உருட்டுவதை மட்டும் நிறுத்திவிட வேண்டும். காலையில் எல்லாரோடும் சேர்ந்து கொஞ்சம் தள்ள வேண்டும்.

 அயிரை மேலே தன் குஞ்சுகளைப் பார்த்தது. ஒன்றின் விலா எலும்பு வெளியே தெரிந்தது. சங்குக்குள் போனால் இன்றைக்கே அது வயிறாரத் தின்னும். எந்தத் தாய்க்கும் ஆசை வரும். அயிரைக்கும் வந்தது. 

"முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒரே தண்ணீர்தான்," என்றது கடைசியில். "இன்றைக்குச் சங்குக்குள் போவார்கள். ஒரு மாதத்தில் குமிழி அங்கேயும் வரும். அதற்குள் என் பிள்ளைகளும் தள்ளப் பழகியிருப்பார்கள். வேண்டாம்."

"உன் பிடிவாதத்துக்கு உன் பிள்ளைகளைப் பலி கொடுக்கிறாய்."

"மூன்று பேரின் உயிரை நீங்கள் வாங்கிக்கொண்டது எந்தக் கணக்கு? நாளைக்கும் கல் வரும்."

மறுநாள் பத்து மணிக்கு வர வேண்டிய சூசை எட்டு மணிக்கே வந்தார். புதிதாக மாற்றலாகி வந்த ரேஞ்சர் அம்மா அன்றைக்குக் கட்டிடத்தைப் பார்வையிட வருகிறார். சூசை தரையைக் கூட்டினார், ஜன்னலைத் துடைத்தார். பிறகு ஒரு ஈரத்துணியை எடுத்துக்கொண்டு தொட்டியின் கண்ணாடியை வெளிப்பக்கம் மேலிருந்து கீழாகத் துடைக்கத் தொடங்கினார். நாலடி தள்ளி நிற்கிற மனிதர் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கண்ணாடிக்கு அரையடி கிட்டத்தில் முகத்தை வைத்திருந்தார்.

தொட்டிக்குள் ஒரே பரபரப்பு. சூசை இரண்டு மணி நேரம் முன்னதாக வந்துவிட்டதால் இன்னும் யாரும் தள்ளி வைக்கவில்லை. தங்கமீன் மேலும் கீழும் பாய்ந்து விரட்டியது. நத்தை நேற்றைய கறுப்புக் கல் ஒன்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. கெண்டை மூச்சு வாங்க வாங்க விசிறியது. துணி கீழே இறங்கிக்கொண்டே வந்தது.

அயிரை பாறைக்குப் பின்னால் போனது. மேலே கிடந்த கல்லை எடுக்கவில்லை. ஆழமாகத் தோண்டி, அடியிலும் அடியில் கிடந்த ஒரு கல்லை எடுத்தது. தார் பூசியதுபோல் கறுத்த கல். அதில் வழுவழுவென்று சேறு ஒட்டியிருந்தது. அந்த நாற்றத்தில் அயிரைக்கே தலை சுற்றியது. உருட்டிக்கொண்டு முன்வரிசைக்கு வந்து, சரியாகக் கண்ணாடியை ஒட்டி வைத்தது. இந்த முறை வைத்துவிட்டுப் போகவில்லை. கல்லுக்குப் பின்னால், தன் உடம்பைக் கற்களுக்குள் பாதி புதைத்து, கல்லைக் கண்ணாடியோடு அழுத்திக்கொண்டு படுத்துவிட்டது.

தங்கமீன் மேலிருந்து பாய்ந்து இடித்தது. அயிரை அசையவில்லை. மறுபடி இடித்தது. அயிரையின் மீசைகளில் ஒன்று பிய்ந்து மிதந்து போனது. அப்போதும் அசையவில்லை. அயிரை கல்லோடு கல்லாகிவிட்டது. தங்கமீனுக்கு வேறு வழி தெரியவில்லை. கண்ணாடியை ஒட்டி, கல்லுக்கு மேலாக வந்து நின்று வாலை விரிக்கும்படி கெண்டையிடம் சொன்னது. தன் வாலை இன்றைக்கு விரிக்க முடியாது, சூசை இவ்வளவு கிட்டத்தில் இருக்கும்போது பழுத்த நுனி தெரிந்துவிடும் என்றது.

கெண்டை வந்தது. கல்லை மறைத்துக்கொண்டு நின்றது. கண்ணாடிக்கு வெளியே சூசையின் துணி ஒரு சாண் உயரத்தில் இருந்தது. கெண்டை அயிரையைப் பார்த்தது. அயிரை கெண்டையைப் பார்க்கவில்லை, கல்லைத்தான் அழுத்திக்கொண்டிருந்தது. கெண்டையின் வாய் திறந்து திறந்து மூடியது.

"அக்கா, எனக்கு வாளி என்றால் பயம்," என்றது.

"தெரியும்," என்றது அயிரை.

"ஆனால் ஒரு வாரமாக மூச்சு வரவில்லை. அது இன்னும் பயமாக இருக்கிறது."

சொல்லிவிட்டுக் கெண்டை நகர்ந்துகொண்டது. அவ்வளவுதான் அது செய்தது. பயந்தாங்கொள்ளி பயந்து நகர்ந்தது. ஆனால் நகர்ந்த இடத்தில் கல் இருந்தது.

சூசையின் துணி கல்லுக்கு நேராக வந்து நின்றது. வெளிப்பக்கம் இருக்கும் அழுக்கு என்று நினைத்துத் துடைத்தார். போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தார். போகவில்லை. முட்டிபோட்டுக் குனிந்தார். கறுப்புக் கல்லையும், அதைப் பிடித்துக்கொண்டு மீசை பிய்ந்து கிடந்த அயிரையையும் பார்த்தார். கல்லிலிருந்து சேறு மெல்லக் கரைந்து கண்ணாடியில் இறங்கியது.

"இது எங்கேர்ந்து வந்துச்சு?" என்று முணுமுணுத்தார்.

எழுந்து முக்காலியில் ஏறினார். தொட்டியின் பின்பாதியை மூடியிருந்த பலகையை எடுத்தார். எடுத்த வேகத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டார். டார்ச் லைட்டை அடித்துப் பாறைக்குப் பின்னால் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். இறங்கி, விறுவிறுவென்று வெளியே போய், ஒரு வாளியோடு திரும்பி வந்தார்.

தங்கமீன் அலறியது. "பார்த்தீர்களா? வாளி. நான் சொன்னேனே."

"ஆமாம் தலைவரே," என்றது நத்தை. அதன் குரலும் நடுங்கியது.

கெண்டை கண்ணை மூட முயன்றது, மீனுக்கு இமை இல்லாததால் முடியவில்லை. அயிரை பாறையின் உச்சிக்கு நீந்திப் போய், ஐந்து குஞ்சுகளையும் அணைத்தபடி நின்றது. வாளி என்றால் வாளி. கல்லைக் கொண்டுவந்து வைத்தது தப்பு என்று அதற்கு அப்போதும் தோன்றவில்லை.

சூசை வாளியைத் தொட்டிக்குள் விடவில்லை. கீழே தரையில் வைத்தார். ஆணியில் தொங்கிய ரப்பர் குழாயை எடுத்தார். அதன் ஒரு நுனியை நீளமான மூங்கில் குச்சி ஒன்றோடு கயிற்றால் கட்டினார். முக்காலியில் ஏறி, கை எட்டாத ஆழத்துக்குக் குச்சியை இறக்கினார். மறுநுனியை வாயில் வைத்து ஓர் இழுப்பு இழுத்து, காறித் துப்பிவிட்டு வாளிக்குள் போட்டார். மேலே இருக்கிற தண்ணீர் கீழே இருக்கிற வாளிக்குத் தானாக ஓடி வரத் தொடங்கியது. அதோடு குளிர்காலம் முழுக்கத் தள்ளிய அத்தனையும் வந்தது. எச்சம், ஊறிய இரை, அழுகிய இலை. வாளி கறுப்பாக நிறைந்தது.

அந்த நேரம் பார்த்து ரேஞ்சர் அம்மா உள்ளே வந்தார். கட்டிடம் முழுக்க நாற்றம். சூசையின் சட்டை முழுக்கச் சேறு. வாளியைக் காலால் ஒதுக்கி மறைத்திருக்கலாம் அவர். கொஞ்சம் யோசிக்கவும் செய்தார். பிறகு நிமிர்ந்து நின்றார்.

"அம்மா, முன்னாடி வெள்ளையா இருந்துச்சுன்னு இத்தன நாளா விட்டுட்டேன். பாறைக்குப் பின்னாடி பூராவும் அழுகிக் கெடக்கு. என் தப்புதான்."

ரேஞ்சர் அம்மா வாளியை எட்டிப் பார்த்தார். மீனெல்லாம் உயிரோடு இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றார் சூசை. இன்றைக்கே முழுக்க எடுத்துவிட முடியுமா என்று அடுத்துக் கேட்டார்.

"வேண்டாம்மா. ஒரே நாள்ல எல்லாத்தையும் கெளறினா உள்ள இருக்கிற விஷம் மொத்தமா தண்ணில ஏறிரும், மீனு தாங்காது. இன்னிக்கு மூணுல ஒரு பங்கு எடுத்துட்டு, ஓடத்தண்ணி ஊத்திர்றேன். மிச்சத்த அடுத்தடுத்த வாரம் எடுத்துக்கலாம்."

அந்த அம்மா சட்டைக் கையை முழங்கைக்கு மேல் ஏற்றிவிட்டு, நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். காலி வாளியோடு திரும்பி வந்தார்.

மூன்று வாரத்தில் தொட்டியின் அடி முழுக்கச் சுத்தமானது. கெண்டை மேலே போய்க் காற்று வாங்குவதை நிறுத்தியது. கறுத்த கற்கள் நல்ல தண்ணீர் பட்டுப் பட்டு மெல்ல வெளுத்தன. ஐந்து குஞ்சுகளும் பாறையிலிருந்து இறங்கி வந்து, தொட்டி முழுக்கத் துழாவின. புழுதி கிளம்பியது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ரப்பர் குழாய் அதற்குப் பிறகு ஆணியில் காய்ந்து கிடந்ததே இல்லை. வாராவாரம் இறங்கியது.

வாளிக்குள் வந்த குப்பையில் பாதிக்குமேல் மென்று துப்பிய இரைதான் என்பதைச் சூசை கவனித்திருந்தார். முதல் வாளி நிறைந்த மறுநாளிலிருந்தே மூன்று சிட்டிகை ஒரே சிட்டிகையானது. தங்கமீன் முதல் நாள் வழக்கம்போல் பாதியைத் துப்பியது. இரண்டாம் நாள் யோசித்தது. மூன்றாம் நாளிலிருந்து விழுங்கப் பழகிவிட்டது. வால் நுனியும் ஆறிவிட்டது. இதெல்லாம் தான் போட்ட சட்டத்தால் வந்த நன்மை என்று அது நத்தையிடம் சொன்னது. நத்தை என்ன சொல்லியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆனால் அயிரை ஒரு வேலையை மட்டும் நிறுத்தவில்லை. ஒவ்வொரு வாரமும் பாறைக்குப் பின்னால், அடியிலும் அடியிலிருந்து ஒரு கல்லைத் தோண்டி எடுத்து வந்து முன்வரிசையில், கண்ணாடியை ஒட்டி வைக்கும். அதே இடத்தில் வைக்கும். இப்போது அந்தக் கல்லும் மற்றக் கற்களைப் போல வெள்ளையாகத்தான் இருந்தது.

தங்கமீனுக்குப் பொறுக்கவில்லை.

"எல்லாம்தான் சுத்தமாகிவிட்டதே. வெள்ளைக் கல்லுக்கு நடுவில் இன்னொரு வெள்ளைக் கல்லை ஏன் கொண்டுவந்து வைக்கிறாய்?"

"இது பின்பக்கத்துக் கல்," என்றது அயிரை. "வெள்ளையாக இருந்தால் வெள்ளையாகத் தெரியட்டும். கறுத்தால் கறுப்பாகத் தெரியட்டும்."

"என் முன்வரிசையில் அதற்கு இடமில்லை."

தங்கமீன் குனிந்து, கல்லைப் பின்னால் தள்ள மூக்கை நீட்டியது. அயிரை தடுக்கப் போகவில்லை. போக வேண்டிய தேவையும் இருக்கவில்லை. துழாவிக்கொண்டிருந்த ஐந்து குஞ்சுகளும் வேலையை விட்டுவிட்டு வந்து, கல்லைச் சுற்றி உடம்பைக் கற்களுக்குள் பாதி புதைத்துக்கொண்டு படுத்தன. கெண்டையும் வந்தது. நடுங்கிக்கொண்டேதான் வந்தது, ஆனால் வந்து நின்றது.

தங்கமீன் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. பிறகு மூக்கை இழுத்துக்கொண்டு, வாலைச் சுருட்டியபடி, வந்த வழியே நீந்திப் போனது.

நீதி: அழுக்கைக் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குத் தள்ளுவது சுத்தம் அல்ல, யார் தடுத்தாலும் அதைக் கண்ணெதிரே கொண்டுவந்து வைப்பவராலேயே ஓர் இடம் சுத்தமாகிறது.